முந்தி ஏத்துன விளக்கு

எங்கம்மா சாயங்காலமானா லைட்டு போடாது. வீடு இருட்டிக்கிட்டு வரும், அது பாட்டுக்கு ஹால்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கும். சுவிட்சு கையை நீட்டினா எட்டற தூரம்தான். நான் காலேஜ் விட்டு வந்து வண்டியை நிறுத்தறதுக்குள்ள உள்ளேருந்து குரல் வரும். "தெருவிளக்கு எரிஞ்சுடுச்சாப்பா?" எரிஞ்சுடுச்சுன்னா, "அப்போ போடு"ன்னு சொல்லும். எரியலைன்னா நானும் அந்த இருட்டுலயே நின்னு ஷூவைக் கழட்டணும். ஒருதடவை எங்க தெருக் கம்பத்துல ஏதோ பழுது, நாலு நாள் விளக்கு வரல. நாலு நாளும் நான் மாடிக்குப் போய் பக்கத்துத் தெரு விளக்கை எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னப்புறம்தான் எங்க வீட்ல டியூப்லைட் எரிஞ்சுது. என் வீட்டுக்காரி ஸ்கூல் டீச்சர், பொறுமைசாலி. அவளே மூணாவது நாள், "உங்கம்மா ஊருக்கே கடைசியாத்தான் நிப்பாங்க போல"ன்னு சொல்லிட்டு, சொன்ன கையோட வாயைப் பொத்திக்கிட்டா.

காரணம் தெரிஞ்சவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை தீபத்தன்னிக்கு, மலையில தீபம் ஏத்தறதுக்கு முந்தியே எங்கம்மா வீட்டு விளக்கை ஏத்திடுச்சு. அன்னிக்கு சாயங்காலம்தான் என் தம்பி செத்துப்போனான். தான் முந்திக்கிட்டதாலதான் புள்ளை போயிட்டான்னு அது நம்புது. மூணு வருஷமா நம்புது. அது காரணமில்லன்னு எனக்குத் தெரியும். பொத்தாம்பொதுவா சொல்லல. எது முன்னாடி நடந்துச்சு, எது பின்னாடி நடந்துச்சுன்னு இந்த உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் மூணு வருஷம் வாயைத் தொறக்கல. அந்தக் கேவலத்தைத்தான் எழுத உக்காந்திருக்கேன்.

நான் இயற்பியல் வாத்தியார். டவுனுக்கு வெளிய ஒரு தனியார் காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே பகுதிநேரமா பிஎச்டி பண்றேன், நாப்பத்தாறு வயசுல. கைடு சென்னையில இருக்காங்க, என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. நான் அவங்களை மேடம்பேன், அவங்க என்னை சார்பாங்க, ரெண்டு பேருக்கும் கூச்சமாத்தான் இருக்கும். காரண காரியத்துக்கு வரிசை இல்லாமப் போற நிலைமை ஒண்ணு குவாண்டத்துல உண்டு, அதுதான் என் தலைப்பு. இதை எங்க ஊர்ல வெளிய சொல்லக் கூடாது. குவாண்டம்னு ஒரு வார்த்தை விட்டா போதும், கிரிவலப் பாதையில காபி குடிக்கற வெளிநாட்டுக்காரர்லருந்து பிளாட் விக்கற புரோக்கர் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு, "அப்ப எல்லாம் மாயைதானே சார்"ம்பாங்க. மாயையும் கெடையாது மண்ணாங்கட்டியும் கெடையாது. அது கணக்கு. எங்க தொடங்கி எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியல.

பயப்படாதீங்க, சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு ரூம், ரூமுக்கு ஒருத்தர். கதவு ஒரே ஒரு தடவைதான் தொறக்கும். ஒரு பொருள் உள்ள வரும், அதைத் தொட்டு ஏதாவது செஞ்சு வெளிய அனுப்பணும், அதோட கதவு மூடிக்கும். பொருள் இந்த ரூமுக்கு வந்துட்டு அந்த ரூமுக்குப் போச்சுன்னா இவர் அவருக்குச் சேதி அனுப்பலாம், அவர் இவருக்கு அனுப்ப முடியாது. இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு காசைச் சுண்டிப் போடறாங்க. அவர் காசு பூவா தலையான்னு சில தடவை இவர் சொல்லணும், சில தடவை இவர் காசை அவர் சொல்லணும். யார் சொல்லணுங்கறது கடைசி நேரத்துலதான் தெரியும். சேதி கெடைச்சவர் டக்குனு சரியா சொல்லிடுவார். கெடைக்காதவர் குத்துமதிப்பா அடிச்சு விட வேண்டியதுதான், பாதி சரியா வரும் பாதி தப்பா வரும். மொத்தத்துல நாலுக்கு மூணுதான் ஜெயிக்க முடியும். வரிசைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும், அது எந்த வரிசைன்னு நமக்குத் தெரியாட்டியும், நாலுக்கு மூணைத் தாண்டவே முடியாது.

வரிசையே தீர்மானமாகலைன்னா காகிதத்துல அதைத் தாண்டிடலாம். இயற்கை அதுவரைக்கும் விடுதா, விடலைன்னா எந்த விதி தடுக்குதுங்கறதுதான் கேள்வி. சேதி சம்பந்தப்பட்ட விதிங்கதான் தடுக்கணும்னு எங்க ஆளுங்க தேடறாங்க. நேத்து இருந்த உனக்கே நீ சேதி அனுப்ப முடியாது. அனுப்புனதுக்கு மேல ஒருத்தனும் தெரிஞ்சுக்க முடியாது. தகவல் அழியாது, இடம்தான் மாறும். இந்த மூணாவதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

லேப்ல இதுல ஒரு வகையைச் செஞ்சும் பாத்திருக்காங்க. ஒளித்துகள் ஒண்ணை ரெண்டு கருவி வழியா, இது முன்னாடி அது பின்னாடின்னும், அது முன்னாடி இது பின்னாடின்னும், ரெண்டு வரிசையும் கலந்தாப்புல அனுப்பறாங்க. அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. எதை முன்னாடி தாண்டுச்சுங்கற குறிப்பு எங்கயும் தங்கக் கூடாது. ஒரு தூசியில பதிஞ்சிருந்தாலும் முடிஞ்சுது கதை, வரிசை வந்துடும்.

அந்த தீபத்தன்னிக்கு மாவட்டத்துக்கே லீவு. எனக்கு லீவுன்னா எழுதற நாள். ஊரே வீதியில இருக்கறப்ப நான் கீழ் ரூம்ல ஃபேனைப் போட்டுக்கிட்டு நாலாவது அத்தியாயத்தை எழுதிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்ல அன்னிக்குக் காலைலருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. ஆறு மணிக்கு மலை உச்சியில தீபம் தெரியணும், அதைப் பாத்து வாசல்லயும் மாடியிலயும் அகல் ஏத்தணும், அப்புறம்தான் வாயில எதையாவது போடறது. நான் மட்டும் மாத்திரை போடணும்னு சாக்கு சொல்லி ரெண்டு தடவை காபி குடிச்சிருந்தேன்.

என் தம்பி வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தான். மனு டைப் அடிக்கறது, வாரிசு சான்றிதழுக்கு ஆன்லைன்ல போடறது, அந்த மாதிரி வேலை. கல்யாணம் பண்ணிக்கல, கடைக்குப் பின்னாடியே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். என்னைவிட ஆறு வயசு சின்னவன், எதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுதான் செய்வான். செருப்பு வாங்கறதுக்குக் கூட போட்டோ அனுப்பி "இது ஓகேவாண்ணா"ம்பான். "உன் காலுதானடா, போட்டுப் பாத்து வாங்குடா"ன்னு எரிஞ்சு விழுவேன். மறுநாள் பெல்ட்டு போட்டோ வரும். அப்படி ஒரு ஆளு.

அன்னிக்கு நாலே முக்காலுக்கு போன் பண்ணான்.

"ண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுண்ணா. இடது கை மரத்தாப்புல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

நான் ஒரு சமன்பாட்டுல மாட்டிக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தேன். நெத்தியில கை வெச்சுக்கிட்டுதான் பேசுனேன், அது கூட ஞாபகம் இருக்கு. "டேய், காலைலருந்து பட்டினி கெடந்தா வேற என்ன பண்ணும், கேஸ் ட்ரபுள்டா அது. ரோடு பூரா பேரிகேட், இந்தக் கூட்டத்துல எந்த ஆட்டோக்காரன்டா வருவான்? இன்னும் ஒரு மணி நேரம்தான. தீபத்தைப் பாத்துட்டு ஒரு சோடாவைக் குடி, சரியாப்பூடும். நடுவுல விரதத்தை விட்டேன்னு தெரிஞ்சா அம்மா என் உசுரை எடுக்கும்."

"சரிண்ணா"ன்னான். அவ்ளோதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல.

நான் சாமி கும்பிடறவனே இல்ல. விரதத்து மேல மரியாதை வெச்சு அப்படிச் சொல்லல. எழுந்து போறதுக்கு உடம்பு வணங்கல, அதுக்கு விரதத்தை முட்டு குடுத்தேன். நூத்தியெட்டுக்குப் போன் போடுடான்னு சொல்ல எத்தனை செகண்ட் ஆகும்? அதைச் சொல்லல. அஞ்சு மணி வாக்குல மறுபடி அடிச்சான். பேரைப் பாத்தேன். பாத்துட்டுதான் சைலண்ட்ல போட்டுக் கவுத்து வெச்சேன்.

மேல மாடியில அம்மா இருபத்தேழு அகலையும் வரிசையா அடுக்கி, எண்ணெய் ஊத்தி, திரி போட்டு, தீப்பெட்டியும் கையுமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு மேகம் ஜாஸ்தி. மலை உச்சி தெரியல, பாதி மலைக்கு மேல வெள்ளையா மூடிக்கிட்டு இருந்துச்சு. ஆறாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கறப்ப பின்னாடித் தெருவுல யாரோ சரவெடியைக் கொளுத்திட்டான். மேகத்துக்குள்ள எதையோ வெளிச்சமா பாத்தானாம். அரோகரான்னு ஒரு மாடி கத்துச்சு, அதைக் கேட்டு இன்னொரு மாடி கத்துச்சு. எங்கம்மாவும் கன்னத்துல போட்டுக்கிட்டு முதல் அகலை ஏத்திடுச்சு. பத்துப் பன்னண்டு ஏத்துனப்புறம் பக்கத்து வீட்டம்மா சுவரோரமா வந்து, "யக்கா, என்னக்கா பண்றீங்க, இன்னும் ஏத்தலியே, டிவியில காட்டலியே"ன்னு சொன்னாங்க.

அந்த நேரம் பாத்துதான் நான் மாடிக்கு வந்தேன். போனைக் கீழயே விட்டுட்டு. அம்மா கையில தீக்குச்சி எரிஞ்சு விரலைத் தொடற மாதிரி இருக்கு, ஊதவும் இல்ல போடவும் இல்ல. "ஏத்திட்டேன்டா, முந்திட்டேன்டா, இப்ப அணைக்கலாமா கூடாதாடா"ன்னு என்னைக் கேக்குது. நான் சிரிச்சேன். "அண்ணாமலையார் வாட்ச் கட்டிக்கிட்டா பாத்துக்கிட்டு இருக்காரு, விடும்மா"ன்னேன். கொஞ்ச நேரத்துல மேகம் விலகி உச்சியில நிஜமான தீபம் தெரிஞ்சுது. ஊரே ஓன்னு கத்துச்சு. அம்மா மட்டும் கும்புடாம, எரிஞ்சுக்கிட்டு இருந்த அகலைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

ஆறே கால் இருக்கும், என் வீட்டுக்காரி போனுக்கு ஒரு அழைப்பு. தம்பி கடைக்குப் பக்கத்துல டீக்கடை வெச்சிருக்கறவர். எனக்கு அடிச்சுப் பாத்து எடுக்கலையாம். தீபம் பாத்துட்டு, வாங்க டீ குடிக்கலாம்னு கூப்பிடப் போயிருக்கார். தம்பி ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி சேர்ல சாஞ்சாப்புல இருந்திருக்கான். ஆம்புலன்ஸை வரவழைச்சது அவர்தான். பேரிகேடெல்லாம் நகத்தி வழி விட்டாங்களாம். பத்து நிமிஷத்துல வந்துடுச்சாம். பத்து நிமிஷம்!

நான் கூட்டத்தை எதிர்த்து நடந்து, ஓடி, யார் யார் காலையோ மிதிச்சு ஆஸ்பத்திரி போய்ச் சேந்தேன். டாக்டர் சின்னப் பொண்ணு. "வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க. ஹார்ட் அட்டாக். எத்தனை மணிக்குன்னு கேட்டா கரெக்டா சொல்ல முடியாதுங்க, அஞ்சரையும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம்"னாங்க. டீக்கடைக்காரர் தம்பியோட போனை என் கையில குடுத்தார். "பக்கத்துல தண்ணி பாட்டில் கூட இருந்துச்சு சார், மூடி தெறக்கவே இல்ல"ன்னார். அவர் சாதாரணமாத்தான் சொன்னார்.

காரிடார்ல ஒரு பெஞ்சுல உக்காந்து என் போனைத் திருப்பிப் பாத்தேன். எடுக்காத அழைப்பு மூணு. கீழ ஒரு வாய்ஸ் மெசேஜ், அஞ்சு இருபத்திரெண்டுக்கு வந்தது. காதுல வெச்சுக் கேட்டேன். மூச்சு வாங்கற சத்தம்தான் ஜாஸ்தி. நடுவுல, "ண்ணா... ரொம்ப முடியலண்ணா... தண்ணி குடிச்சா விரதம் கலைஞ்சுடுமாண்ணா?"

அப்பவும் என்னைக் கேட்டிருக்கான். செருப்பு வாங்கற மாதிரி.

ரெண்டாவது தடவை அதைக் கேக்கல. அழிச்சேன். என் போன்ல அழைப்பு வந்த பதிவை அழிச்சேன். அவன் போனைத் திறக்கற நம்பர் எனக்குத் தெரியும், அதையும் திறந்து அங்கயும் அழிச்சேன். பாத்துப் பாத்து, ஒண்ணு விடாம. தம்பி உள்ள துணி மூடிக் கெடக்கறான், அண்ணன் வெளிய உக்காந்து தடயத்தைத் தொடைக்கறேன். அழுகை வந்துச்சா வரலியா, ஞாபகம் இல்ல. கை நடுங்கல, அது நல்லா ஞாபகம் இருக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குடா?" எப்படின்னு கேக்கல, ஏன்னு கேக்கல. டாக்டர் சொன்னதையே சொன்னேன். "அவங்களுக்கே தெரியலம்மா, அஞ்சரையும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம்." அம்மா தலையை ஆட்டுச்சு. "நான் ஏத்தறப்ப உசுரோட இருந்திருப்பான். எண்ணெய் ஊத்தறப்ப கூட இருந்திருப்பான். ஏத்துனேன், போயிட்டான்." துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்தர் கிட்டயும் இதையேதான் சொல்லுச்சு. "நான்தான்டீ என் புள்ளையை முழுங்கிட்டேன், பாவி நானே முந்திக்கிட்டேன்"னு மாருல அடிச்சுக்கும். நான் பந்தல்ல நின்னு பால்காரருக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அன்னிலருந்து அது விளக்கு ஏத்தல. சாமி ரூம் பக்கம் போகல. அடுப்பைக் கூட என் வீட்டுக்காரி முதல்ல பத்த வெச்சாத்தான் கிட்ட போகும். பந்தியில உக்காந்தா எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டப்புறம்தான் கையை வைக்கும். அடுத்த ரெண்டு தீபத்துக்கும் மாடி ஏறவே இல்ல, கீழ் ரூம்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்குச்சு. உடம்பு பாதியாப் போச்சு. நான் பெரிய இவனாட்டம் அதுக்குக் காரண காரியம் பாடம் எடுப்பேன். "ஏம்மா, மாடியில எரியற அகலுக்கும் வேங்கிக்கால்ல இருக்கறவன் ஹார்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" அது என்னை ஒரு பார்வை பாக்கும். "மலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தமோ அதுதான்டா." எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும், கத்துவேன். யார் மேல கோவம்னு எனக்குத் தெரியும், கத்தறது மட்டும் அது மேல.

இதுல இன்னொரு அசிங்கமும் இருக்கு. என் ஆராய்ச்சி எனக்கு அப்ப ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வரிசை தீர்மானமாகாத நிகழ்ச்சின்னு எழுதறப்பல்லாம் மனசுக்குள்ள ஒரு ஆறுதல். அஞ்சரையும் இருக்கலாம் ஆறும் இருக்கலாம்னு டாக்டரே சொல்லியாச்சு, குறிப்பு எங்கயும் இல்ல. அப்ப விளக்கு முன்னாடியும் இல்ல, அவன் முடிவு முன்னாடியும் இல்ல, ரெண்டும் கலந்தாப்புல கெடக்கு, யாரும் எதுக்கும் காரணமில்ல. பாத்தீங்களா, மாயைன்னு கண்ணை மூடற புரோக்கரைக் கிண்டல் பண்ணவன் நான். நான் மூடுனது அவரைவிட இறுக்கமா.

போன ஆடி மாசம் நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி மேடத்துக்கு அனுப்பினேன். புதுசா ஒரு பகுதி சேத்திருந்தேன். ரெண்டு ரூம்லயும் நடக்கறதுக்கு வெளிய மூணாவதா ஒருத்தர் இருக்கார், எது முன்னாடின்னு பதிவான குறிப்பை அவர் அழிச்சுடறார், அதனால வரிசை தீர்மானமில்லாமப் போயிடுதுன்னு. நாலு பக்கம், அழகா எழுதியிருந்தேன். ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு. அந்த நாலு பக்கத்துக்கும் குறுக்க ஒரு கோடு, ஓரத்துல சிவப்புல ரெண்டு வரி. "அழிச்சவருக்குத் தெரியுமே சார்? ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் வரிசை இருக்கு. மத்தவங்களுக்குத் தெரியாததும், வரிசையே இல்லாததும் வேற வேற."

இது முதல் வருஷத்துல படிக்கற சங்கதி. நானே கரும்பலகையில எத்தனையோ தடவை எழுதிப் போட்டது. தகவல் அழியாது, இடம்தான் மாறும். ரெண்டு போன்லருந்தும் அழிச்சது எங்க போகும்? எனக்குள்ளதான் இருந்துச்சு. மூணு வருஷமா அந்த மூச்சு வாங்கற சத்தத்தோட நான் சாப்பிடறேன், பாடம் எடுக்கறேன், டூ வீலருக்குக் காத்து அடிக்கறேன். எல்லாத்துக்கும் வரிசை இருந்துச்சு. போன் வந்துச்சு, நான் தடுத்தேன், அவன் தண்ணியைக் கூடத் தொடல, அதுக்கப்புறம் அரை மணி நேரம் கழிச்சுதான் அம்மா தீக்குச்சியைக் கிழிச்சுது. காகிதத்தை மேஜையில வெச்சுட்டு ஸ்டாஃப் ரூம்லயே அழுதுட்டேன். பக்கத்து சீட்டு கெமிஸ்ட்ரி சார், மேடம் திட்டிட்டாங்க போலன்னு நெனைச்சு டீ வாங்கிட்டு வந்து குடுத்தார்.

சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். சும்மா வாயில சொன்னா போதாது, கையில ஏதாவது இருக்கணும்னு தோணுச்சு. அழிச்சதை மீட்டுத் தருவாங்களான்னு செல்போன் கடையில கேட்டேன். என் பழைய போனை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தாச்சு, அவன் போன் மூணு வருஷம் பீரோவுல கெடந்து பேட்டரி உப்பிப் போயிருந்துச்சு. கடைக்காரர் பாத்ததுமே கையை விரிச்சுட்டார். ஒரு நாள் என்னமோ தோணி அவன் நம்பருக்கே அடிச்சேன். மணி அடிச்சுது. "அலோ, யாருங்க?"ன்னு ஒரு பொம்பளை குரல். போளூராம். அவங்களுக்கு அந்த நம்பரைக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். "ராங் நம்பருங்க"ன்னு நான் சொன்னேன். அடிச்சவனே நான்தான்.

போன வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரி அவங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தா. காலேஜ்லருந்து சீக்கிரமே வந்துட்டேன். அம்மா அதே சேர்ல. வெளிய இன்னும் மங்கலா வெளிச்சம் இருந்துச்சு. ஷூவைக் கழட்டாமக் கீழ, அது காலுகிட்ட உக்காந்தேன். "என்னடா, உடம்பு சரியில்லியா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்துச்சு. அந்தக் கை வேற என்னை இன்னும் வதைச்சுது.

சொன்னேன். ஒண்ணு விடாம. நாலே முக்கால் மணி போனு, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு அவன் கேட்டது, சோடா குடின்னு நான் சொன்னது, சைலண்ட்ல போட்டது, அஞ்சு இருபத்திரெண்டு மெசேஜு, தண்ணி குடிச்சா விரதம் கலைஞ்சுடுமான்னு அவன் கேட்டது. "நீ விளக்கு ஏத்துனது ஆறாக பத்து நிமிஷம் இருக்கறப்பம்மா. அவனுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. நான்தாம்மா போகாதன்னேன். நீ இல்ல. நான்."

அம்மா என் தலையில கையை வெச்சுச்சு.

"போன்ல இருக்கா அது? அவன் குரலு?"

"இல்லம்மா. அழிச்சுட்டேன்."

"அவன் போன்ல?"

"அதுலயும் அழிச்சுட்டேன்."

மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்ச மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு அதுகிட்டருந்து. "உனக்குச் சின்னதுலருந்தே பொய் சொல்ல வராதுடா. தம்பி நெஞ்சு வலிக்குதுன்னா நீ உக்காந்துக்கிட்டு இருப்பியா? அவன் சைக்கிள்லருந்து விழுந்தப்ப செருப்பு கூட இல்லாமத் தூக்கிக்கிட்டு ஓடுனவன்தான நீ?"

"நெஜமாம்மா! சத்தியமா சொல்றேன்! அம்மா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் வேணாம்." என் வாயைப் பொத்துச்சு. "நான் போறதுக்குள்ள என் மனசு ஆறணும்னு பழியைத் தூக்கி நீ தலையில வெச்சுக்கிற. புள்ளைன்னா நீதான்டா. இதுக்காகவே நான் உன்னை நூறு தடவை பெத்துக்கலாம். ஆனா நடந்தது நடந்ததுதான்ப்பா. நான் ஏத்துனதை நான்தான சொமக்கணும்."

கத்துனேன். கெஞ்சுனேன். அந்த மெசேஜை, அவன் மூச்சு வாங்குன மாதிரியே வாங்கிப் பேசிக் காட்டினேன். இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. "போதும்டா, அவன் மாதிரி பேசாத"ன்னு காதைப் பொத்திக்கிச்சு. அதுக்கு மேல என்னால முடியல. அது என் தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு, நல்ல புள்ளையைத் தடவற மாதிரி. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாப் போய் முகம் தெரியாமப் போச்சு.

"தெருவிளக்கு எரிஞ்சுடுச்சாப்பா?"

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மலை கறுப்பா நின்னுச்சு, தெருவுல யார் வீட்லயோ டிவி ஓடற சத்தம். கம்பத்தைப் பாத்தேன்.

"இன்னும் இல்லம்மா"ன்னேன்.

"அப்ப இரு"ன்னுச்சு. அன்னிக்கு நான் சொன்னதுல அது நம்புனது இந்த ஒண்ணைத்தான்.